கரும்பலகைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவர்

செய்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. மகனுக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு நாளாக அவனுக்குச் சளி. ஒரு கையில் கரண்டி, ஒரு கை அவன் நெற்றியில் என்று நின்றிருந்தேன். அடுப்பு மேடையில் கிடந்த போனில் எங்கள் கல்லூரி ஆசிரியர் குழுவின் செய்தி ஒளிர்ந்தது. 'ஆழ்ந்த வருத்தத்துடன்' என்று முதல் வரி. எப்போதோ ஓய்வு பெற்றுப் போன யாரோ என்று எண்ணித் தோசையைத் திருப்பிப் போட்டேன். அதன் பிறகுதான் பெயரைப் படித்தேன். முனைவர் எஸ்தர் செல்வராணி, கணிதத் துறை.

முந்தின நாள் சாயங்காலம்தான் அவர் எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார். "பையன் காய்ச்சல் எவ்வளவு? எண்ணை மட்டும் அனுப்பு. கதை வேண்டாம்." நானும் எண்ணை மட்டும் அனுப்பியிருந்தேன். இரவில் நெஞ்சு வலி வந்து, காரில் ஏற்றி, மருத்துவமனை வாசலை எட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம்.

"அம்மா, பொகை" என்று மகன் என் சேலையை இழுத்தபோதுதான் தோசை கருகியது தெரிந்தது.

கல்லூரி மலரில் மேடத்துக்காக நான்கு பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒருவருக்கு ஒரு பக்கம், ஒரு வாரத்துக்குள் தர வேண்டும் என்றார்கள். எல்லோரும் கொடுத்துவிட்டார்கள். நான் மட்டும் இரண்டு மாதம் தாமதம். தொடங்கும்போதெல்லாம் 'சிறந்த ஆசிரியர், பண்பாளர்' என்று வந்து நின்றது. அதை அவர் படித்தால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். "நீ எதக் கண்ட? அத எழுது" என்பார். ஆகவே நான் கண்டதை எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது. மலர்க் குழுவினர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். எங்கள் கல்லூரி ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, பெரிய சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் பெண்கள் கல்லூரி. மேடம் ராஜபாளையத்துக்காரர். கட்டையான உருவம், கஞ்சி போட்ட பருத்திச் சேலை, சேலையின் இடுப்புப் பக்கத்தில் எப்போதும் சாக்பீஸ் கை பட்ட வெள்ளைத் தடம். ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போவார். பாடகர் குழுவில் தன்னைச் சேர்க்கவில்லை என்று இருபது வருடமாக ஒரே குறையைச் சொல்லிக்கொண்டிருப்பார். அவர் பாடிக் கேட்டவர்கள் பாடகர் குழு செய்தது சரி என்பார்கள். மாணவிகள் எதிரில் எங்களை 'மேடம்' என்று மட்டுமே அழைப்பார். கதவு சாத்தியதும் 'ஏட்டி' ஆகிவிடுவோம்.

நான் தாவரவியல் துறையில் சேர்ந்த முதல் வருடம். அப்போது எங்கள் கல்லூரியில் வியாழக்கிழமைதோறும் கடைசிப் பாடவேளையில் கற்பித்தல் கருத்துப் பரிமாற்றக் கூட்டம் என்று ஒன்று நடக்கும். பெயர்தான் பெரிது. ஒருவர் திரையில் படம் போட்டுத் தான் எப்படிப் புதுமையாக நடத்துகிறேன் என்று சொல்வார். நாங்கள் எல்லோரும் 'அருமை' என்போம். டீயும் சமோசாவும் வரும். வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடுவோம்.

ஒரு வியாழக்கிழமை, 'அருமை' சொல்லும் கட்டத்தில், பின் வரிசையிலிருந்து எஸ்தர் மேடம் எழுந்தார்.

"எல்லாரும் அருமையாத்தான் நடத்துதோம். ரொம்ப சந்தோசம். அப்பொறம் இந்தப் பிள்ளைய எங்க வச்சுப் பெயிலாகுதுக? பஸ் ஸ்டாண்டுலயா?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. முதல்வர் சிரிக்கவில்லை. "அப்போ நீங்களே ஒரு வழி சொல்லுங்க மேடம்" என்றார், கொஞ்சம் குத்தலாகத்தான்.

அடுத்த வியாழக்கிழமை மேடம் ஒரு பழைய நீள நோட்டோடு வந்தார். அவர் கணவர் ஞானதுரை அண்ணன் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நூற்பாலையில் காவல் பொறுப்பாளராக இருந்தார். அந்த நோட்டு அவர் எழுதும் காவல் பதிவேடு. மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆலயத்தில் வேதப் பகுதி வாசிக்கும் குரலில் வாசித்தார்.

"இரவு இரண்டு பத்து. மேற்கு மதில் பக்கம் நாய் குரைத்தது. இரண்டு இருபத்தைந்து. நின்றது. இரண்டு நாற்பது. லாரி ஒன்று வந்து திரும்பிப் போனது. மற்றபடி அமைதி."

மறுபடியும் சிரிப்பு.

"சிரிக்காதீக. எங்க வீட்டுக்காரரு இதுல எங்கயாச்சும் 'நாய் பொறுப்பில்லாமல் குரைத்தது'ன்னு எழுதியிருக்காரா? 'லாரி இன்னும் முயன்றால் முன்னேறலாம்'னு எழுதியிருக்காரா? கண்டத எழுதுதாரு, அம்புட்டுதான். நம்ம வகுப்புகளுக்கு இப்பிடி ஒரு நோட்டு வேணும்."

அப்படித்தான் அது தொடங்கியது. ஒருவர் வகுப்புக்கு இன்னொரு துறை ஆசிரியர் போக வேண்டும். பின் பெஞ்சில் உட்காரக் கூடாது. முன்னால், ஓரமாக, கரும்பலகைக்கு முதுகு காட்டி நாற்காலி போட்டு உட்கார வேண்டும். நடத்துகிறவரைப் பார்க்கவே கூடாது. பிள்ளைகளையும் அவர்கள் கண் போகும் இடத்தையும் மட்டும் பார்க்க வேண்டும். கையில் அரைத்தாள். அதில் மணி, அந்த மணிக்குக் கண்டது. 'நன்று' கிடையாது, 'கவனக்குறைவு' கிடையாது, அறிவுரை அறவே கிடையாது. மணி அடித்ததும் சீட்டை நடத்தியவர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும். வியாழக்கிழமை கூட்டத்தில் விருப்பமிருந்தால் அவரே அதை வாசிக்கலாம். வாசித்தால், மற்றவர்கள் தங்கள் வகுப்பில் செய்து பார்த்த ஏதாவது ஒன்றைச் சொல்லலாம்.

தமிழ்த்துறையின் மூத்த பேராசிரியர் ஒருவர் முதலில் மறுத்துவிட்டார். "எனக்கு எதுக்கும்மா காவலாளி?" என்றார்.

"நான் ஒங்களப் பாக்க வரல சார். ஒங்கள இருவது வருசமாப் பாத்தாச்சு" என்று மேடம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே வகுப்புக்குப் போய்விட்டார்.

முதல் சில தடவை மாணவிகள் போட்டோவுக்கு உட்கார்ந்ததுபோல விறைப்பாக இருந்தார்கள். மூன்றாம் தடவையிலிருந்து அந்த நாற்காலியை மறந்துவிட்டார்கள். சீட்டுகளில் எங்களுக்குத் தெரியாத எங்கள் வகுப்புகள் வரத் தொடங்கின. எந்த நிமிடத்தில் முதல் கொட்டாவி வருகிறது, யார் யாருடைய நோட்டைப் பார்த்து எழுதுகிறாள், எந்த வரி எழுதும்போது எல்லாப் பேனாவும் ஒரே நேரத்தில் நிற்கிறது. கூட்டம் நடக்கும் ஆய்வுக்கூடத்தின் முக்காலிகளில் உட்கார்ந்து வியாழன் சாயங்காலம் இவற்றைப் பேசிக்கொண்டிருந்தால் பஸ் போவதே தெரியாது.

இரண்டு வருடம் நானும் மகிழ்ச்சியாக இதில் இருந்தேன். பிறகு கதிர் பிறந்தான்.

பிரசவ விடுப்பு முடிந்து நான் திரும்பி வந்தபோது அவனுக்கு எட்டு மாதம். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் எங்கள் வீட்டில் என் அத்தையிடம், அதாவது என் கணவரின் அம்மாவிடம், அவனை விட்டுவிட்டு வருவேன். அத்தை கைப்பட்டு நாலு பிள்ளைகள் வளர்ந்திருக்கிறார்கள். ஆனால் ஆறாம் மாதத்தில் ஒரு நாள் என் கையால் ஊட்டிய வாழைப்பழத் துண்டு அவன் தொண்டையில் சிக்கியது. முகம் நீலம் பாய்ந்தது. முதுகில் தட்டித் தட்டி வெளியே வந்துவிட்டது. பத்து நொடிதான் இருக்கும். அந்தப் பத்து நொடி எனக்குள் முடியவே இல்லை. பாடம் நடத்தும்போது ஒரு காதில் மாணவிகள், ஒரு காதில் அவன் இருமல். போனை மேசை மேல் வைத்துக்கொள்வேன். இடைவேளைக்கு இடைவேளை அத்தையை அழைப்பேன். "நல்லா இருக்காம்மா, இப்பத்தான கேட்ட" என்பார். போனை வைத்ததும், இப்போது எப்படி இருக்கிறானோ என்று தொடங்கிவிடும்.

விடுப்பு முடிந்து மூன்றாவது வாரம் எஸ்தர் மேடம் என் வகுப்பில் வந்து உட்கார்ந்தார். இலைத்துளைகள் பற்றிய பாடம். மணி அடித்ததும் சீட்டைக் கொடுத்தார். நான் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். பார்க்கத் தைரியம் இல்லை. அந்த வியாழக்கிழமை கதிருக்குத் தடுப்பூசிக் காய்ச்சல். அனுமதி கேட்டுக்கொண்டு முன்னதாகவே கிளம்பிவிட்டேன். வாசல்வரை போன பிறகுதான், குடையை ஆய்வுக்கூடத்தில் விட்டுவிட்டது நினைவு வந்தது. திரும்பி வந்தேன்.

கதவுக்கு வெளியே மேடத்தின் குரல் கேட்டது. நான் போய்விட்டேன் என்று நினைத்து, பெயர் சொல்லாமல், எப்படி எழுத வேண்டும் என்பதற்கு உதாரணமாகத் தன்னிடம் இருந்த நகலை வாசித்துக்கொண்டிருந்தார்.

"பதினொன்று பத்து. ஆசிரியர் போனைப் பார்த்தார். பதினொன்று பதிமூன்று. மறுபடி பார்த்தார். பதினொன்று பதினேழு. ஆசிரியர் போனைப் பார்த்தார். முதல் வரிசையும் போனைப் பார்த்தது. பதினொன்று இருபது. மொத்த வகுப்பும் போனைப் பார்த்தது. ஆசிரியர் இலையைக் காட்டினார். யாரும் பார்க்கவில்லை."

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை; நானே உள்ளே இருந்திருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் நான் கதவருகே நின்றேன். மேடம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வாசிப்பு நின்றது. நான் குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே பணி விலகல் கடிதம் எழுதினேன். நாலே வரி. எழுதி முடித்ததும் நிம்மதியாகக்கூட இருந்தது. பிள்ளையையும் சரியாகப் பார்க்கவில்லை, பாடத்தையும் சரியாக நடத்தவில்லை. இரண்டில் ஒன்றையாவது சரியாகச் செய்வோம் என்று எண்ணினேன். படித்து, தகுதித் தேர்வு எழுதி, ஆசையாகச் சேர்ந்த வேலை. அதை நினைத்தால் அழுகை வந்தது. கதிரை நினைத்தால் அழுகை நின்றது.

வெள்ளிக்கிழமை காலை எங்கள் துறை அறைக்கே மேடம் வந்தார். கதவைச் சாத்தினார்.

"மகா, நான் செஞ்சது தப்பு. நீ வாசிக்காதத நான் வாசிக்கக் கூடாது. நானே போட்ட சட்டம். நானே மீறிட்டேன்."

"தப்பு ஒண்ணுமில்ல மேடம். உள்ளதத்தான எழுதியிருந்தீங்க. நான் வேலைய விடப்போறேன்."

வேண்டாம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். பெண்கள் வேலையை விடக் கூடாது என்று ஒரு சொற்பொழிவு வரும் என்றும், அதற்கு என்ன பதில் சொல்வது என்றும் பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தேன். மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கடுதாசி எப்பக் குடுக்கப்போற?"

"திங்கக்கெழம."

"செவ்வாக்கெழம குடு. திங்கக்கெழமைய எனக்குத் தா."

"எதுக்கு மேடம்?"

"ஏட்டி, ஒரு நாள் கேட்டா குடுக்க மாட்டியா? இம்புட்டு நாளு இருந்துட்ட, இன்னொரு நாளு இருக்க என்ன செய்யுது?"

திங்கட்கிழமை மேடம் கல்லூரிக்கு வரவில்லை. விடுப்பு என்றார்கள். முதல் பாடவேளை முடிந்ததும் வழக்கம்போல அத்தையை அழைத்தேன். அத்தை குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"ஏம்மா, ஒங்க காலேஜுலருந்து ஒரு டீச்சரம்மா வந்திருக்காவ. காப்பி வேண்டாங்காவ, பலகாரமும் வேண்டாங்காவ. சேரப் போட்டு ஒக்காந்து கதிரயே பாத்துக்கிட்டு இருக்காவ. அவன் அசைஞ்சா எழுதுதாவ. எனக்கு என்னமோ போல இருக்கு. ரேசன் கார்டு எடுத்துக் காமிக்கவா?"

"ஒண்ணுஞ்செய்ய மாட்டாங்க அத்தை, இருக்கட்டும்" என்றேன். அன்று எனக்கு இரண்டு பாடவேளைகள் ஓய்வு. பதற்றத்தில் மறுபடியும் மறுபடியும் அழைத்தேன்.

மாலையில் நான் வீட்டுக்குப் போனபோது மேடம் கிளம்பியிருந்தார். அத்தை ஒரு அரைத்தாளை நீட்டினார். "ஒங்கிட்டக் குடுக்கச் சொன்னாவ. நல்ல பொம்பள. பேசத்தான் மாட்டேங்காவ." அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

"9.05. அம்மா தெருமுனை திரும்பினார். உள்ளே வந்தேன். வாசலைப் பார்த்து அழுதான்.
9.09. நிறுத்தினான். டம்ளர் கிடைத்தது.
9.40. டம்ளரைத் தரையில் தட்டினான். சத்தம் பிடித்தது. இருபது நிமிடம் தட்டினான்.
10.15. கேழ்வரகுக் கூழ். பாதி உள்ளே. பாதி ஆச்சி சேலையில். ஆச்சி ஒவ்வொரு கரண்டிக்கும் வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்தார்.
10.40. என்னைப் பார்த்தான். பயந்தான். ஆச்சியைப் பார்த்தான். பயம் போனது.
11.00. உறங்கினான்.
11.10. போன் மணி. புரண்டான்.
11.25. போன் மணி. சிணுங்கினான். ஆச்சி தட்டிக்கொடுத்தார்.
11.50. போன் மணி. எழுந்துவிட்டான். அழுகை. ஏழு நிமிடம்.
12.30. சோறு. சிரித்தான்.
1.15. ஆச்சியின் கண்ணாடியைப் பிடுங்கினான். சிரித்தான். ஆச்சி சிரிக்கவில்லை.
மற்றபடி அமைதி."

இரண்டு தடவை படித்தேன். அவன் நாள் அந்தத் தாளில் இருந்தது. நான் இல்லாத அவன் நாள். நான் எத்தனையோ பயங்களை அதில் தேடினேன், ஒன்றுகூட இல்லை. மூன்றாம் தடவை படிக்கும்போதுதான் அந்த ஏழு நிமிடத்தில் கண் நின்றது. அன்றைக்கு என் மகன் அதிக நேரம் அழுதது, நான் அழைத்த போனால்.

சிரிப்பு வந்துவிட்டது. சமையல் கட்டில் நின்று சத்தமாகச் சிரித்தேன். அத்தை எட்டிப் பார்த்து, "என்னட்டி, என்னயப் பத்தி ஏதும் எழுதியிருக்காவளா?" என்றார். "ஒங்களப் பத்தி நல்லாத்தான் எழுதியிருக்காங்க அத்தை" என்றேன். உண்மையில் அதில் ஒரு 'நல்ல' கூட இல்லை.

செவ்வாய்க்கிழமை கடிதத்தைக் கொடுக்கவில்லை. புதன்கிழமையும் கொடுக்கவில்லை. மேடம் கேட்கவும் இல்லை. பழைய வினாத்தாள்களைத் தூக்கிப் போட்ட அன்று அதுவும் அவற்றோடு போயிருக்க வேண்டும்.

பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய். என் வகுப்பில் உண்மையைச் சொன்னேன். எட்டு மாதப் பிள்ளையை வீட்டில் அவன் ஆச்சியிடம் விட்டு வருகிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது, அதனால்தான் போனைப் பார்க்கிறேன் என்றேன். முதல் வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள். "மேடம், போன எங்கிட்டக் குடுங்க. ஆச்சி கூப்பிட்டா மட்டும் சொல்லுதேன். வேற யாரு கூப்பிட்டாலும் சொல்ல மாட்டேன். ஒங்க வீட்டு சார் கூப்பிட்டாக்கூட." வகுப்பே கைதட்டியது. அன்று முதல் என் போன் ஒவ்வொரு நாளும் ஒவ்வொருத்தி பொறுப்பில் இருந்தது. அந்த வருடம் முழுவதும் அத்தை வகுப்பு நேரத்தில் அழைத்தது ஒரே ஒரு முறை. கேஸ் சிலிண்டர் வந்திருந்தது.

என் வகுப்புச் சீட்டை அடுத்த வியாழக்கிழமை நானே பெயரோடு வாசித்தேன். வீட்டுச் சீட்டையும் சேர்த்து. தமிழ்த்துறைப் பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் கடைசி வரி இருக்கே" என்று ஏதோ சொல்ல வந்தார். "சார், அறிவுரை கிடையாது" என்று மேடம் நிறுத்திவிட்டார்.

மேடத்தைப் பற்றி எழுதும்போது அவர் மட்டும் எல்லாம் தெரிந்தவர் போலத் தோன்றிவிடக் கூடாது. அப்படி இல்லை. அடுத்த பருவத்தில் அவர் வகுப்புக்கு நான் போனேன். எனக்குக் கணக்கு வராது; அதனால் வசதி, பிள்ளைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கலாம். முதல் வரிசை ஓரத்தில் பேச்சியம்மாள் என்று ஒரு மாணவி. மம்சாபுரத்திலிருந்து வருகிறவள். பள்ளி முழுக்கத் தமிழ்வழியில் படித்தவள். மேடம் ஒவ்வொரு வரி முடிக்கும்போதும் அவளைப் பார்ப்பார், அவள் தலையாட்டுவாள், மேடம் அடுத்த வரிக்குப் போவார். நான் எண்ணினேன். சீட்டில் இப்படி எழுதினேன்: "பேச்சியம்மாள் இருபத்திரண்டு முறை தலையாட்டினாள். அவள் நோட்டில் தேதி மட்டும் இருக்கிறது."

இரண்டாக மடித்துக் கொடுத்தேன். மேடம் வாங்கிப் படித்தார். கைப்பையில் வைத்தார். வியாழக்கிழமை எழுந்து தன் பெயரோடு வாசித்தார். வாசித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றினார்.

"இருவத்தி மூணு வருசமா இந்தத் தலையாட்டலப் பாத்துத்தான் நடத்திருக்கேன். எத்தன பிள்ளையோ."

அன்றைக்கு நாங்கள் யாரும் பஸ்ஸைப் பற்றி நினைக்கவில்லை. ஆளுக்கொன்று சொன்னோம். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு, புரியாதவர்கள் கை தூக்கட்டும் என்றார் இயற்பியல் மேடம். எஸ்தர் மேடம் செய்து பார்த்தார். கண் மூடியதும் வகுப்பே சிரித்துக் கெடுத்தது. ஒரு வரி புரியாததைத் தாளில் எழுதிப் போடச் சொல்லலாம் என்றேன் நான். எல்லாத் தாளிலும் 'புரிந்தது' என்று வந்தது. கடைசியில் மேடம் பேச்சியம்மாளையே கூப்பிட்டுக் கேட்டார். நானும் உடன் இருந்தேன்.

"புரியாம எதுக்கு ஆட்டுத?"

அவள் தரையைப் பார்த்தாள். "நீங்க வேர்த்து விறுவிறுத்து எம்புட்டுக் கஷ்டப்பட்டு நடத்துதீக மேடம். புரியலன்னு சொன்னா ஒங்களுக்கு வருத்தமா இருக்கும்லா?"

மேடம் அவள் கன்னத்தில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார்.

"ஏட்டி, எனக்கு வருத்தம்னா நான் வீட்டுக்குப் போயி ஜெபத்துல சொல்லிக்கிடுதேன். ஒனக்குப் புரியலன்னா நீ யாருட்டப் போயிச் சொல்லுவ? எங்கிட்டத்தான சொல்லணும்?"

அதன் பிறகு மேடம் வகுப்பில் ஒரு மாற்றம். பலகையில் எழுதுவதை ஒரு மாணவி தமிழில் திரும்பச் சொன்னால்தான் அடுத்த வரி. பாடம் மெதுவாகப் போயிற்று. பாடப் பகுதிகள் முடியவில்லை என்று துறையில் பேச்சு வந்தது. மேடம் சனிக்கிழமைகளில் வந்து முடித்தார். பேச்சியம்மாள் முதல் பருவத்தில் தோற்ற தாளை மறுபடி எழுதித் தேறினாள். மதிப்பெண் ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் தேர்ச்சிப் பட்டியல் ஒட்டிய அன்று, "மேடம், எனக்கு இன்னும் ரெண்டாவது பாடம் புரியல" என்று துறை அறை வாசலில் நின்று உரக்கச் சொன்னாள். மேடம் அதைத்தான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அடுத்த இரண்டு வருடங்கள் இப்படியே போயின. நல்ல வருடங்கள். கதிர் நடந்தான், பேசினான். எனக்கு வகுப்பு மறுபடியும் பிடித்துப் போயிற்று. எப்போதாவது நான் பதறினால் மேடம் எண்ணை மட்டும் கேட்பார். காய்ச்சல் எவ்வளவு, இருமல் எத்தனை தடவை, சோறு எத்தனை வாய். சொல்லச் சொல்ல என் பயம் அந்த எண்களின் அளவுக்குச் சுருங்கிவிடும். இன்னும் பத்து வருடம் இப்படி இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

அடக்கம் திங்கட்கிழமை பிற்பகல். கதிரை வீட்டில் விட்டுப் போகலாம் என்றால், அத்தை தானும் வருவேன் என்று நின்றுவிட்டார். "எம்புள்ளய அம்புட்டு நேரம் பாத்த பொம்பள. நான் போயி ஒரு தடவ பாக்க வேண்டாமா?" ஆக மூன்று பேருமாகப் போனோம். அவனுக்கு இருமல் விடவில்லை. மப்ளர் சுற்றியிருந்தேன்.

ராஜபாளையத்தில் ஆலயத்திலும் கல்லறைத் தோட்டத்திலும் நிற்க இடமில்லை. பழைய மாணவிகள் கைக்குழந்தைகளோடு வந்திருந்தார்கள். ஞானதுரை அண்ணன் விறைப்பாக நின்றார். யார் கை கொடுத்தாலும் "வந்தீகளா, சந்தோசம்" என்றார். பாடகர் குழு பாடியது. ஒருவர்கூடச் சுருதி விலகவில்லை. மேடம் இருந்திருந்தால் அதற்கும் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார் என்று எனக்குப் பக்கத்தில் நின்ற இயற்பியல் மேடம் அழுதுகொண்டே சிரித்தார்.

பெட்டியை இறக்கும்போது நான் ஆசிரியர்களோடு முன்னால் போய் நின்றேன். போதகர் பேசினார். ஜெபம் நடந்தது. எல்லோரும் வரிசையாகப் போய் ஒரு பிடி மண் போடத் தொடங்கினார்கள். என் முறை வரும் நேரத்தில்தான் என் கை காலியாக இருப்பது தெரிந்தது. கதிர் கையைப் பிடித்திருந்தேனே, எப்போது விட்டேன்? ஒரு மணி நேரம் இருக்கும். அத்தை தனியாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரமாக நான் என் பிள்ளையைத் தேடவே இல்லை.

நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை. வரிசையை விட்டு விலகி, கூட்டத்துக்குள் நடந்தே போனேன். ஓடவில்லை.

மதில் ஓரத்தில் ஒரு முதலாண்டு மாணவி நின்றிருந்தாள். எந்தத் துறை என்றுகூடத் தெரியாது. சீருடையை வைத்துத்தான் எங்கள் கல்லூரிப் பிள்ளை என்று தெரிந்தது. கதிர் அவள் தோளில் உறங்கிக்கொண்டிருந்தான். அவன் மூக்கு ஒழுகி அவள் துப்பட்டா நனைந்திருந்தது. நான் கைநீட்டினேன். அவள் ஒரு அடி பின்னால் போனாள்.

"இப்பத்தான் ஒறங்குனான் மேடம். மாத்துனா எந்திரிச்சிருவான். எங்கிட்ட இருக்கட்டும். நீங்க போங்க, மேடத்துக்கு மண்ணு போட்டுட்டு வாங்க."

அவள் பெயரைக் கேட்கவில்லை. மகனை அவளிடமே விட்டுவிட்டுத் திரும்பி நடந்தேன். வரிசையின் கடைசியில் போய் நின்றேன். என் முறை வந்ததும் குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளினேன்.

போய் வாருங்கள் மேடம். பையன் உறங்குகிறான். நாளைக்கு முதல் பாடவேளை எனக்கு வகுப்பு இருக்கிறது, போகிறேன்.